ஏழு கிராம் ஆணி

அந்த ஆணித் தொழிற்சாலையில் கழுகுக்கண் என்றால் அவள்தான் என்று காவல்காரருக்கும் தெரியும். மூட்டைச் சீட்டுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். "அதே நம்பருங்க, வரிசை மட்டும் வேறன்னா விரல் தப்பு." இது அவள் வேதவாக்கு. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் முதலில் போன் நம்பரைத்தான் படிப்பாள். வீட்டுக்காரர் எப்போதோ அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

கண்புரை எடுத்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மேலாளர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ஒரு வாரம் பாருங்கம்மா. கண்ணு ஒத்துழைக்கலேன்னா பேக்கிங் பக்கம் போயிடலாம்."

சிரிப்பாம் சிரிப்பு! சிவப்புப் பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு மேசைக்குப் போனாள்.

அன்று புது ரக ஆணி. ஒன்று ஏழு கிராம். ஒரு டன் பிடிக்கும் பெரிய மூட்டைக்கு 142857 ஆணி. முதல் சீட்டு சரி. இரண்டு மூட்டைக்கான சீட்டில் 285714 என்று இருந்தது. அதே இலக்கங்கள், இடம் மட்டும் மாறியிருந்தன. வட்டம் போட்டாள். மூன்று மூட்டைக்கு 428571. அதற்கும் வட்டம். நாலுக்கு 571428 வந்தபோது பேனா தயங்கியது, ஆனாலும் போட்டாள்.

சீட்டு அடிக்கும் பெண் எழுந்தே வந்துவிட்டாள். "என்னக்கா, எல்லாத்தையும் திருப்புறீங்க? சரியாத்தான் அடிச்சிருக்கேன்."

"அப்ப எல்லாத்துலயும் அதே ஆறு நம்பர் எப்படி வரும்? ஒண்ணு உன் விரல் தப்பு, இல்ல என் கண்ணு தப்பு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் மேலாளர் நின்றிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்தும் அதே எண்கள்தான். போச்சு, கண் போச்சு என்றே நினைத்தாள்.

"பெருக்கித்தான் பாருங்களேன்" என்று அந்தப் பெண் வெள்ளைத் தாளை நீட்டினாள்.

பெருக்கினாள். இரண்டும் மூன்றும் நாலும் சீட்டில் இருந்தபடியே வந்தன. ஐந்தால் பெருக்கினால் 714285, ஆறால் 857142. அதே ஆறு இலக்கங்கள் செக்குமாடாகச் சுற்றி வந்தன. சரி, இதன் குணமே இதுதான் போலும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏழால் பெருக்கினால் 999999! அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

மேலாளரும் தாளை வாங்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "உங்க கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. அந்த நம்பர்தான் அப்படி. நீங்க உங்க இடத்துலயே இருங்க."

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்தவளுக்கு ஏனோ முன்பு சீட்டு அடித்த பெண்ணின் ஞாபகம் வந்தது. சிவப்பு வட்டங்கள் அதிகம் என்று வேலையைவிட்டு அனுப்பப்பட்டவள். "நான் சரியாத்தான் அடிச்சேன்" என்று இதே மேசைக்கு முன்னால் அழுதவள். அவளுடைய சீட்டு ஒன்றையாவது பெருக்கிப் பார்த்தோமா? எவ்வளவு யோசித்தும் பார்த்ததாக நினைவில்லை.

பேனாவை மூடி வைத்தாள். "ஏம்மா, உனக்கு முன்னாடி இங்க இருந்த பொண்ணு இப்ப எங்க இருக்கான்னு யாருக்காவது தெரியுமா?"