அழிய மறுத்த ஒரு துண்டு

இது நடந்தது. கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திவிட்டு வேறு வேலை பார்க்கலாம். யாரையும் கெஞ்சி நம்பவைக்கும் எண்ணம் எனக்கு இல்லை. என் கணவரே முதலில் நம்பவில்லை. "வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்க, முதல்ல தண்ணி குடி" என்றார். நான் பிரிண்ட் எடுத்து வந்த நான்கு பக்கங்களைப் பார்த்த பிறகுதான் வாயை மூடினார். அதில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருக்கிறது. அதை எதிரே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று. பேய் இருட்டில்தான் வரும் என்று யார் சொன்னது? எனக்கு நடந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜன்னல் வழியாக வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன கம்பெனி. மொத்தம் ஐந்து பேர். இணையத்தில் ஒரு தளம் நடத்தினோம். எழுத்தையோ, புரோகிராமின் ஒரு பகுதியையோ அங்கே ஒட்டினால் ஒரு லிங்க் கிடைக்கும். அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அப்படி ஒட்டுவதை நாங்கள் 'துண்டு' என்போம். தோளில் போடும் துண்டு இல்லை, எழுத்துத் துண்டு. பாஸ்வேர்டு போட்டு மூடினால் அது பூட்டுத் துண்டு. எழுதியவரையும் அவர் அனுமதிப்பவரையும் தவிர யாரும் படிக்க முடியாது. முகப்பிலேயே அப்படித்தான் எழுதியிருந்தோம். அதை நம்பி ஜனங்கள் என்னென்னவோ வைத்திருந்தார்கள். வக்கீலுக்கு எழுதிய கடிதம், டாக்டர் ரிப்போர்ட், வீட்டில் சொல்ல முடியாதது...

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது மாதங்களுக்கு முன்னால் சேர்ந்தேன். எனக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவளைப் பார்த்ததே இல்லை. ஆபீசில் அவளுக்கு 'சுருட்டை' என்று பெயர். தலைமுடி அப்படியாம். "சொல்லாம கொள்ளாம வேலைய விட்டுட்டுப் போயிட்டா" என்று முதலாளி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ஆனாலும் அவளை எனக்குத் தெரியும். புரோகிராமுக்கு நடுவே மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் குறிப்பு எழுதுவோம். முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் இயந்திரம் அதைக் கண்டுகொள்ளாது. சுருட்டை எழுதிய குறிப்புகள் தளம் முழுக்க இருந்தன. "// இங்க கை வைக்காதே, எனக்கே புரியல." "// பசியோட எழுதினது, மன்னிக்கவும்." தனியாக உட்கார்ந்து பல நாள் சிரித்திருக்கிறேன்.

அந்த வாரம் முதலாளி கம்பெனியை விற்கப் போவதாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் திறக்காத துண்டுகளை எல்லாம் அழிக்கச் சொன்னார். ஞாயிறு மதியம்தான் தளத்தில் ஆட்கள் குறைவு. அதனால் ஞாயிறே வந்தேன். கீழே வாட்ச்மேன் அண்ணன் சாவியைக் கொடுத்தார்.

"தனியாவாம்மா?"

"ஆமாண்ணே. என்ன, யாராவது கடிக்கவா போறாங்க?"

மேலே ஏறினேன். ஆறு மேசைகள். சர்வர் என் மேசைக்குக் கீழேயே இருக்கும். எனக்கு வலது பக்கம் ஆறாம் நம்பர் மேசை, சுருட்டையுடையது. கம்ப்யூட்டரை எப்போதோ எடுத்துவிட்டார்கள். ஒரு பழைய கீபோர்டு மட்டும் கிடந்தது. அதன் ஒயர் மேசை ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

2:40. அழிக்கும் கட்டளையைக் கொடுத்தேன். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் துண்டுகள். பத்து நிமிடத்தில் முடிந்தது.

மீதம்: 1.

திரும்பக் கொடுத்தேன். மீதம்: 1.

இன்னொரு முறை. மீதம்: 1.

அந்தத் துண்டின் விவரத்தைப் பார்த்தேன். போட்டது சுருட்டை. தேதி, அவள் வேலைக்கு வந்த கடைசி நாள். இரண்டு வருடம் ஆகாதது. அழிக்கும் பட்டியலில் அதை யார் சேர்த்தது? பட்டியலைத் தந்தது முதலாளி. துண்டின் விவரத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'இப்போது பார்ப்பவர்கள்: 1.'

நான் இன்னும் திறக்கவே இல்லை.

திறந்தேன். காலிப் பக்கம். எண்ணிக்கை இரண்டானது.

2:52. முதல் வரி வந்தது.

"// நில்லு."

எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். கோபம் தலைக்கேறியது. எங்கிருந்து வருகிறான் என்று தேடினேன். சர்வர் பதில் சொன்னது.

இதே அறை. ஆறாம் நம்பர்.

திரும்பிப் பார்த்தேன். காலி மேசை. தூசி. கீபோர்டு.

3:05. போன் அடித்தது. முதலாளி.

"முடிஞ்சுதா?"

"ஒண்ணே ஒண்ணு மட்டும் போகமாட்டேங்குது சார். சுருட்டை போட்டது."

அவர் குரல் தாழ்ந்தது.

"திறந்தியா?"

"ஏன் சார்?"

"திறக்காதே. சர்வரையே அணைச்சிட்டு வீட்டுக்குப் போ. நான் நாளைக்குப் பார்த்துக்கறேன்."

வைத்துவிட்டார். தளத்தை ஒரு நிமிடம் நிறுத்தினாலே கத்துகிற மனிதர் அவர். இன்றைக்கு அணைக்கச் சொல்கிறார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்.

டக்... டக்டக்.

வலது பக்கத்திலிருந்து.

எழுந்து போனேன். கீபோர்டைத் தூக்கினேன். ஒயர் காற்றில் ஆடியது. எதிலும் சொருகவில்லை. கீழே வைத்தேன். பட்டன்கள் மேலெல்லாம் மெல்லிய தூசி. நான்கைந்தில் மட்டும் தூசி இல்லை.

என் திரைக்கு வந்தேன். 3:14.

"// அணைக்காதே."

குனிந்து சர்வரின் நெட் கேபிளைப் பிடுங்கினேன். இனி வெளியிலிருந்து யாரும் ஓர் எழுத்துகூட அனுப்ப முடியாது. நிமிர்ந்தேன்.

டக்டக். டக்.

"// அதுவும் வேண்டாம்."

பையை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கதவு வரை போய்விட்டேன். தாழ்ப்பாளில் கை. முதுகுப் பக்கம் சத்தம் நிற்கவில்லை...

டக்டக்டக்.

டக்டக்.

என்ன தோன்றியதோ. திடீரென்று எரிச்சல் வந்தது. இருபது மாதமாக இது என் அறை. இவள் கலைத்துப் போட்டதை எல்லாம் நான்தான் சரிசெய்தேன். என் இடத்தைவிட்டு என்னை எதற்கு விரட்ட வேண்டும்?

திரும்பி நின்று, காலி நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னேன்.

"இங்க பாரு. நான் எங்கயும் ஓட மாட்டேன். பயம் காட்டுற வேலையெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்கோ. சொல்ல வந்ததை முழுசாச் சொல்லு."

சத்தம் நின்றது.

நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

3:31. சத்தம் மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை வேகமாக. இடைவெளியே இல்லாமல்.

திரையில் புரோகிராம் வரிகள் இறங்கின. ஏழு வரி. கடைசியில் ஒரு குறிப்பு: "// இது எங்க இருக்குன்னு தேடு."

தேடினேன். அந்த ஏழு வரியும் அச்சுப் பிசகாமல் எங்கள் தளத்துக்குள் இருந்தன. யாரும் போகாத ஒரு பழைய கோப்பின் அடியில். படித்தேன். இன்னொரு தடவை படித்தேன்.

பேயைப் பார்த்து வராத குளிர் அப்போது வந்தது.

பூட்டுத் துண்டு பூட்டப்படுவதற்கு ஒரு நொடி முன்னால், அந்த ஏழு வரியும் அதை நகல் எடுத்து வேறொரு இடத்துக்கு அனுப்பின. அந்த இடத்தின் சாவி ஒருவர் பெயரில் மட்டும் இருந்தது. முதலாளி பெயரில். யாரும் படிக்க முடியாது என்று நம்பி ஜனங்கள் எழுதியதை எல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்தார். விற்கப் போனது கம்பெனியை அல்ல. அதை.

அதுவரை திரையில் வந்ததை எல்லாம் பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் சத்தம் தடுமாறியது.

டக்... டக்...

4:10. ஒரு வரி பாதியில் நின்றது. "// நான் இப்ப" என்று மட்டும் வந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

காத்திருந்தேன். ஐந்து நிமிடம். அறையில் அத்தனை அமைதி அதுவரை இருந்ததில்லை. யாரோ எழுந்து வெளியே போய்விட்டது போல இருந்தது.

சரி. முகப்பில் போட ஓர் அறிவிப்பு எழுத ஆரம்பித்தேன். 'உங்கள் பூட்டுத் துண்டுகள் பூட்டப்படவில்லை' என்று தொடங்கினேன். ஏழு வரியையும் அப்படியே வைத்தேன். 'கண்டுபிடித்தது: சுருட்டை' என்று எழுதினேன். கீழே என் முழுப்பெயர்.

குனிந்து கேபிளைத் திரும்பச் சொருகினேன்.

வெளியிடும் பட்டனுக்கு மேல் விரல் நின்றுவிட்டது. போட்டால் வேலை போகும். கேஸ் வரும். அவருக்கு ஆள் பலம் உண்டு. எனக்கு யார்? வாய்விட்டுச் சொன்னேன்:

"தனியா என்னால முடியுமான்னு தெரியல."

ஒரு நிமிடம்...

இரண்டு நிமிடம்...

வலது பக்க நாற்காலி நகர்ந்தது. சக்கரம் தரையில் உருளும் சத்தம்.

க்ரீச்.

பிறகு அதன் மெத்தை அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் வருமே, அந்தச் சத்தம்.

புஸ்...

நான் திரும்பவில்லை.

திரையை மட்டும் பார்த்தேன்.

4:31.

"// வந்துட்டேன்."

பட்டனை அழுத்தினேன். அந்தக் கடைசி வரிகளையும் நான்காவது பக்கமாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

4:38க்கு முதலாளி முதல் முறை கூப்பிட்டார். பதினாறு தடவை நான் எடுக்கவில்லை. பதினேழாவதில் எடுத்தேன்.

"என்ன பண்ணிட்ட தெரியுமா? உன் வாழ்க்கையே நாசம்! அந்த அறிவிப்பை உடனே எடு!"

"எடுக்க மாட்டேன் சார். முடிஞ்சா நீங்க எடுத்துப் பாருங்க."

முயன்றார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த அறிவிப்பை ஆயிரக்கணக்கானவர்கள் நகல் எடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் அழித்தால் ஒன்பது இடத்தில் முளைத்தது. புதன்கிழமை அதிகாரிகள் வந்து சர்வருக்கு சீல் வைத்தார்கள். விற்பனை நின்றது. என் வேலையும் போனது. கேஸ் இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நிமிர்ந்துதான் போகிறேன். முதலாளியின் வக்கீல் என்னைப் பார்த்து, "உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். "கூட வேலை பார்த்தவ" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து ஓர் இளைஞன் போன் செய்தான். அறிவிப்பில் சுருட்டை என்ற பெயரைப் பார்த்தானாம். அவளுடைய தம்பி. ஆஸ்பத்திரி வாசலில் சந்திக்க முடியுமா என்று கேட்டான். சான்றிதழ் ஒன்று வாங்க வந்திருந்தான். முடி அவனுக்கும் சுருட்டைதான்.

"அக்கா வேலைய விடல" என்றான். "கடைசி நாள் உங்க முதலாளியோட பெரிய சண்டை. அதே கோபத்துல ரோட்டைக் கடந்திருக்கா. லாரி. இருபது மாசம் இங்கதான் கிடந்தா. நினைவே இல்ல. ஒரு விரல்கூட அசைஞ்சதில்ல."

அவன் போனை வெளியே எடுத்தான்.

"அந்த ஞாயித்துக்கிழமை மட்டும் அசைஞ்சது. முழிச்சுக்கப் போறான்னு நினைச்சோம். நான் வீடியோகூட எடுத்தேன்."

காட்டினான். வெள்ளை விரிப்பு. அதன் மேல் மெலிந்த இரண்டு கைகள். பத்து விரலும் விரிப்பைத் தட்டிக்கொண்டிருந்தன. வேகமாக, இடைவெளியே இல்லாமல். நோயாளியின் நடுக்கம் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நானும் நாள் முழுக்க அப்படித் தட்டுகிறவள்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் வலது சுண்டுவிரல் ஓரமாகப் போய், என்டர் பட்டனை அழுத்துவது போல ஒரு தட்டு தட்டியது.

"எத்தனை மணிக்கு..." என்று கேட்டேன்.

"மூணு முப்பத்தொண்ணுக்கு எடுத்த வீடியோ இது. கொஞ்ச நேரத்துல எல்லாம் அடங்கிடுச்சு. நாலு பத்துக்கு உயிர் போச்சுன்னு டாக்டர் எழுதினார்."

4:10.

கேஸுக்காகப் பையிலேயே வைத்திருந்த நான்காவது பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் ஒரு வரி இருக்கிறது, 4:31க்கு.

தெருவை நிமிர்ந்து பார்த்தேன். முன்பின் போகாத பகுதி அது. "இங்கேர்ந்து எங்க ஆபீஸ் எவ்வளவு தூரம் தம்பி?"

அவன் கையை நீட்டிக் காட்டினான்.

"பக்கம்தான். அக்கா எங்கயும் நடந்துதான் போவா... இருபது நிமிஷம்."