இல்லாத இரண்டு புட்டா

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காஞ்சிபுரத்தில் ஒரு பாராட்டு விழா. விழா நாயகர் டாக்டர் சபாபதி. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பூமியின் ஆழத்தில் கல் என்ன பாடுபடுகிறது என்று முப்பது வருடம் ஆராய்ந்துவிட்டு, இப்போது ஓய்வு பெற்றிருக்கிறார்.

கல்லில் ஆராய என்ன இருக்கிறது என்கிறீர்களா? நானும் அப்படிக் கேட்டவன்தான். கல்லை அசுரத்தனமாக அழுத்தி எக்ஸ்ரே படம் எடுப்பாராம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக விழும். உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று அந்தப் புள்ளிகள் சொல்லிவிடுமாம்.

அவர் எடுத்த படம் ஒன்றையே பட்டுச் சால்வையாக நெய்து போர்த்துவது என்று விழாக் கமிட்டி — அதாவது நான் — முடிவு செய்தது. நெய்தவர் நடேசன். புள்ளிக்கு ஒரு புட்டா, அதாவது ஜரிகையில் நெய்த சின்னப் பூ. படத்தை கிராஃப் தாளில் ஏற்றும்போதே அவருக்குச் சந்தேகம்.

"சார், நடு வரிசையில ரெண்டு எடம் காலியா இருக்குதே?"

"அச்சுக் கோளாறா இருக்கும். அங்கேயும் ரெண்டு புட்டா போட்டுடுங்க" என்றேன். பத்திரிகைக்காரன் புத்தி வேறெங்கே போகும்!

மேடையில் சால்வை பளபளத்தது. டாக்டர் அதை விரித்துப் பார்த்தார்... பார்த்துக்கொண்டே நின்றார்.

"நடேசா, இந்த ரெண்டு புட்டா ஏதுபா?"

"படத்துல உட்டுப்போயிருந்துதுண்ணே. நான்தான் சேர்த்தேன்." என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை மனிதர்.

"உட்டுப்போவலபா. அழுத்தம் ஏறுனா அந்த ரெண்டு புள்ளியும் மறைஞ்சிடும். உள்ள அடுக்கு மாறிட்டதுக்கு அதான் சாட்சி. ஒருத்தரும் நம்பல, படமே தப்புன்னாங்க. வருஷக் கணக்கா திருப்பித் திருப்பி எடுத்துக் காட்டிக்கினே இருந்தேன்."

ஒரு மனிதரின் ஆயுள் உழைப்பை அச்சுக் கோளாறு ஆக்கிவிட்டேனே! மைக்கைப் பிடித்து எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டேன்.

"பரவால்ல, அழகா இருக்குது. இருந்துட்டுப் போவட்டும்" என்றார் டாக்டர். பெரிய மனசு.

நடேசன் விடவில்லை. "என் தறியில இருந்து தப்பா எறங்கக் கூடாதுண்ணே. குடுங்க."

மேடையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் சட்டையிலிருந்த கமிட்டி பேட்ஜைப் பிடுங்கி, அதன் ஊக்கால் ஜரிகையை இழை இழையாக உருவத் தொடங்கினார். தலைமை தாங்க வந்தவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

முடித்ததும் நடேசனே சால்வையைப் போர்த்திவிட்டார். டாக்டர் அந்தக் காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்து, "இப்ப சரியா இருக்குதுபா" என்றார். கண் கலங்கியிருந்தது. இந்த இரண்டு பேருக்கும் நான் ஊர்க்காரன் என்பதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

புட்டா அதிகம் இருந்தால்தான் புடவையை மெச்சுகிற ஊர் இது... இல்லாத இரண்டு புட்டாவுக்காக அன்று எழுந்து நின்று கைதட்டியது!