தையலுக்கு ஆபத்தில்லாத நகைச்சுவை

பழைய பிரித்தானிய நகைச்சுவைத் தொடர்களைப் பார்க்கச் சொல்லி ஆட்களைக் கரைச்சல்படுத்துவது எனக்கு ஒரு வியாதி. பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் சொல்வேன். கல்யாண வீட்டில் சொல்வேன். ஒருமுறை செத்த வீட்டிலும் சொல்லப்போய், மனைவி என் காலை மிதித்தாள். கறுப்பு வெள்ளையிலிருந்து தொடங்குங்கோ, முதல் இரண்டு பகுதியும் கொஞ்சம் இழுக்கும், பொறுங்கோ என்று டொக்டர் மருந்து சொல்வது மாதிரிச் சொல்வேன். எல்லாரும் "ஓமோம், பாக்கிறம்" என்பார்கள். சுவிஸில், இந்த லுசேர்ணில் இத்தனை வருடத்தில் பார்த்த ஒரே ஆள் என் மனைவி. அவளும் பாதியில் நித்திரையாகிவிட்டாள்.

போன மாரியில் என் கூட்டாளிக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் நடந்தது. இருவரும் ஒரே ஹோட்டல் குசினியில் வேலை. யாராவது தும்மினாலும் சிரிக்கிற ஆள் அவன். கனம் தூக்காதே, இருமாதே, விழுந்து விழுந்து சிரிக்காதே என்று சொல்லி டொக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவன் மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பகிடி விடுகிற கூட்டாளிமார் ஒருவரையும் படியேற விடவில்லை. எனக்கு மட்டும் ஃபோன் வந்தது.

"அண்ணை, இவருக்குப் பொழுது போகேல்லையாம். உங்கட அந்த இங்கிலீஷ் நாடகங்களைக் கொண்டு வாங்கோ."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "சிரிச்சா நோகுமெல்லோ, தங்கச்சி?"

"அதுக்குத்தான் உங்களைக் கேக்கிறன். உங்கட நாடகத்துக்கு ஆர் அண்ணை சிரிச்சவை?"

சீ, மானங்கெட்ட பிழைப்பு! போகவே கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் நாடகத்தைக் கேட்டுக் கூப்பிட்ட முதல் ஆள் அவள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அவன் ஒரே ஒரு தடவை சிரிக்க வேண்டும், ஆனால் மெதுவாக, தையலுக்கு ஒன்றும் ஆகாமல். வழி முழுக்க மாதாவிடம் இதைத்தான் மன்றாடினேன்.

நான் போட்டது ஒரு ரயில் நிலையத் தொடர். நிலைய அதிபர் அளவு கடந்த மரியாதைக்காரர். ஒரு கிழவிக்குக் கதவைத் திறந்து பிடிக்கிறார். அவள் "நீங்கள் முதலில்" என்கிறாள். இவர் "இல்லை, நீங்கள்" என்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. ரயில் ஒருவரையும் ஏற்றாமலே போய்விடுகிறது.

கூட்டாளி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "இஞ்சையெண்டா அந்தாளை அண்டைக்கே வேலையால நிப்பாட்டியிருப்பாங்கள்" என்றான்.

படத்தை நிறுத்திவிட்டு விளக்கினேன். வெள்ளைக்காரனின் மரியாதை, அதற்குள் இருக்கிற திமிர், எல்லாம். அவனுக்கு விளங்கவில்லை. "பொறு, செய்து காட்டுறன்" என்று எழும்பி, அறைக் கதவைத் திறந்து பிடித்துக் குனிந்தேன். வடைத் தட்டோடு வந்த அவன் மனைவி ஒதுங்கி நின்றாள்.

"நீங்கள் போங்கோ அண்ணை."

"இல்லையில்லை, நீங்கள் போங்கோ."

"ஐயோ, வந்த ஆள், நீங்கள் முதல் போங்கோ."

"பொம்பிளையள்தான் முதல்."

இருவரும் ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்தோம். வடை முழுக்க நிலத்தில்.

கூட்டாளி தலையணையை வயிற்றில் அமத்திக்கொண்டு, கண்ணீர் வழிய, "ஐயோ அம்மா, நோகுதடா, நிப்பாட்டடா" என்று கத்திக் கத்திச் சிரித்தான். அவன் மனைவி ஓடிப்போய்ச் சட்டையை விலக்கிப் பார்த்தாள். நல்ல காலம், தையல் அப்படியே இருந்தது. திரும்பி வந்து என் குளிர்ச்சட்டையைக் கையில் திணித்தாள்.

"தையல் வெட்டுற வரைக்கும் இந்தப் பக்கம் வரப்படாது அண்ணை. உங்கட நாடகமும் வரப்படாது."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. ஒரு வீட்டுக்குள் விடப் பயப்படுகிற அளவுக்கு என் நாடகம் வந்துவிட்டது!

எதைப் பார்த்துச் சிரித்தான் என்று அவனிடம் இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவான்.