பின்கதவால் இறங்கிய மாப்பிள்ளை

போன சனிக்கிழமை காலை வெளியே மைனஸ் இருபது. நான் கார் கழுவிக்கொண்டிருந்தேன்.

நேர்த்திக்கடன் ஒன்றும் இல்லை. காரணம் இருந்தது.

குளிர்காலத்தில் ரொறன்ரோவில் எல்லாக் காரும் ஒரே நிறம்... கவனித்திருக்கிறீர்களா? நீலம், சிவப்பு, கறுப்பு என்று ஆசைப்பட்டுத்தான் வாங்குகிறோம். மார்கழியில் நகரசபை வீதிக்கு உப்புப் போடத் தொடங்கும். அந்த உப்பு டொக்டரின் கார், பீட்சா கொண்டுபோகிறவரின் கார் என்று பேதம் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் விபூதி பூசிய மாதிரி ஆக்கிவிடும். என்னுடைய கார் கடும் நீலம். தை மாதத்தில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அந்தக் காரைத்தான் நேசன் தன் கல்யாணத்துக்குக் கேட்டிருந்தான்.

நேசன் நகரத்தின் கிழக்குக் கரையில், வோபர்னில், எங்கள் கட்டடத்திலேயே இருக்கிறான். பேக்கரியில் வேலை. கனடாவுக்கு வந்த புதிதில் சில மாதங்கள் எங்கள் வீட்டு சோபாவில் படுத்தவன். என்னை அண்ணை என்பான். சொந்தமில்லை. ஆனால் இந்த ஊரில் அவனுக்கு வேறு சொந்தமும் இல்லை.

“மாப்பிள்ளை போற காரே உது? ரிபனை எதில ஒட்டுறது, உப்பிலயோ?” என்று கேட்டுவிட்டு, மனைவி அயலவர்களோடு முன்னதாகவே மண்டபத்துக்குப் போய்விட்டாள். நியாயமான கேள்வி. காசு போட்டு நாமே கழுவுகிற கார் வோஷுக்குப் போனேன். எனக்கு முன்னால் வரிசை இல்லை. பின்னாலும் இல்லை. அதை ஓர் எச்சரிக்கையாக எடுத்திருக்க வேண்டும். நான் அதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டேன்.

சுடுதண்ணீர், சோப், மறுபடியும் சுடுதண்ணீர். கார் நீலமாகிவிட்டது! கதவிடுக்கு, கைபிடி, பூட்டுத் துவாரம் — ஓர் இடம் விடவில்லை.

கட்டடத்தின் நிலக்கீழ் தரிப்பிடம் வெதுவெதுப்பானது. அங்கேதான் நேசன் ஏறினான். பட்டு வேட்டி, தலைப்பாகை, கீழே பனிச் சப்பாத்து. முறைப்படி பெண்ணின் தமையன் வந்து மாப்பிள்ளையை அழைத்துப் போகவேண்டும். மண்டபமோ மேற்குக் கரையில், ரெக்ஸ்டேலில். ஆகவே தமையன் மண்டப வாசலில் நிற்பார், நான் கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்று ஏற்பாடு. ரொறன்ரோவில் முறைகள் தூரத்தைப் பார்த்துச் சுருங்கிக்கொள்ளும்.

ஹைவேயில் நகரத்தின் ஒரு தொங்கலில் இருந்து மறு தொங்கலுக்கு ஓடினோம். காற்று சுழன்றடித்தது. நேசன் பின் சீற்றில் பேசாமல் இருந்தான். கல்யாணப் பயம் என்று நினைத்தேன்.

மண்டப வாசலில் எல்லாம் தயார். வீடியோக்காரர் லைற்றைப் போட்டுவிட்டார். பெண்கள் தட்டுகளோடு நின்றார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, மாப்பிள்ளையின் கால் கழுவ, தமையன் செம்போடு நின்றார். பெண்ணின் தகப்பன் தம்பிராசா அண்ணை ஓவர்கோட்டுக்குக் கீழே வேட்டி படபடக்க முன்னுக்கு வந்தார்.

நான் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

மற்றக் கதவு. இல்லை. பின் சீற்றுக் கதவுகள் இரண்டும்... இல்லை. ரப்பருக்குள் இறங்கிய தண்ணீர் வழி முழுக்க உறைந்து, நாலு கதவையும் ஒட்டி வைத்திருந்தது. கண்ணாடியும் இறங்கவில்லை. நானும் மாப்பிள்ளையும் உள்ளே. கல்யாணம் வெளியே.

நாலு பேர் வெளியிலிருந்து இழுத்தார்கள். ஒருவரின் கையோடு கைபிடி கழன்று வந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பெண்ணின் தகப்பனிடம் கொடுத்தார். இன்னொருவர் சமையலறையில் இருந்து கேத்திலோடு ஓடிவந்து கதவின் மேல் சுடுதண்ணீர் ஊற்றினார். அதுவும் உறைந்தது. கதவு இப்போது முன்னையிலும் பலம்.

இனி மிச்சமிருந்தது ஒன்றுதான். என் காருக்குப் பின்னால் மேல்நோக்கித் திறக்கிற கதவு ஒன்று இருக்கிறது. போன வருடம் ஒரு வான் இடித்ததிலிருந்து அது சரியாகப் பூட்டுவதில்லை. கயிறு போட்டுக் கட்டித்தான் ஓடுகிறேன். ஒழுங்காகப் பூட்டாததால் ஒழுங்காக உறையவும் இல்லை. யாரோ கயிற்றை அவிழ்த்தார்கள். கதவு சுகமாகத் திறந்தது.

“மாப்பிள்ளை, பின்கதவால வாங்கோ! பின்கதவால வாங்கோ!” என்று எல்லோரும் சந்தோஷமாகக் கூப்பிட்டார்கள்.

நேசன் அசையவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசகர்களுக்கும் சொல்லவேண்டும்.

தம்பிராசா அண்ணை கனடாவுக்கு வந்தது மகனின் ஸ்பொன்சரில். விசா குத்தி, சூட்கேஸ் கட்டி, விமானத்தில் சாப்பாடு சாப்பிட்டு வந்தவர். நேசன் வந்தது காசு வாங்கிக் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சி மூலம். எந்த நாட்டுக்குப் பிறகு எந்த நாடு என்று அவனுக்கே வரிசையாகச் சொல்லத் தெரியாது. கடைசியில் எல்லையில் நின்று அகதி என்று சொன்னான். கேஸ் நடந்தது, ஏற்றுக்கொண்டார்கள். மாலை வகுப்பு ஒன்றில் அவனும் தம்பிராசா அண்ணையின் மகளும் சந்தித்தார்கள். விஷயம் வீட்டுக்குத் தெரியவந்தபோது, ஒரு பிறந்தநாள் விழாவில், ரோல்ஸ் சாப்பிட்டபடி அவர் சொன்னார்: “பின்கதவால வந்த பெடியனுக்கோ என்ர பிள்ளையைக் குடுக்கிறது?”

சொன்னது ரெக்ஸ்டேலில். அவர் அந்த ரோல்ஸை முடிக்குமுன் வார்த்தை வோபர்னுக்கு வந்துவிட்டது. இந்த நகரத்தில் பஸ் பிந்தும், தபால் பிந்தும்... இது மட்டும் பிந்தாது.

மகள் பிடித்த பிடியில் நின்றாள். தகப்பன் இறங்கி வந்தார். பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நேசனும் எடுக்கவில்லை. மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தேன். அப்படியான வார்த்தையை யாராவது மறப்பார்களா?

“நேசன், இறங்குவமே?” என்றேன்.

“முன்கதவைத் திறவுங்கோ அண்ணை.”

“அது திறபடாது.”

“அப்ப இருப்பம்.”

“முகூர்த்தம் போகுதடாப்பா.”

“அண்ணை, அம்மா உந்த வீடியோக் கசெற்றிலதான் என்ர கலியாணத்தைப் பாக்கப்போறா. நான் பின்பக்கத்தால தவண்டு வாறதையே அவ பாக்கிறது?”

அவன் அம்மா யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். அவரால் வெளியே வர முடியாது, இவனால் அங்கே போக முடியாது. கசெற் கைமாறிக் கைமாறி ஒருநாள் போய்ச் சேரும். கரண்ட் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் பிடித்து, அயல் முழுவதையும் கூட்டிவைத்துப் போடுவார்கள். அந்த அம்மாவுக்குக் கல்யாணம் நடப்பது அன்றைக்குத்தான்.

தம்பிராசா அண்ணை பின்கதவுக்குள் தலையை நீட்டினார். “என்ன தம்பி, வாருமன். ஐயர் அவசரப்படுத்திறார்.”

நேசன் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. “மாமா, நான் பின்கதவால வந்தவன் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். ஓம், அப்பிடித்தான் வந்தனான். இண்டைக்கு ஒரு நாளைக்கு என்னை முன்கதவால வரவிடுங்கோ.”

நான் பெற்றோல் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரைத் தாங்கி இருந்தது. காரை ஏன் கழுவினேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

தம்பிராசா அண்ணை கையில் இருந்த கைபிடியைக் கோட்டுப் பைக்குள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். ஏறினார்.

அறுபது வயதைத் தாண்டியவர். பனி அள்ளுகிற சவல், மணல் மூட்டை, என் மகளின் ஸ்கேற்ஸ் எல்லாவற்றுக்கும் மேலாகத் தவழ்ந்தார். பின் சீற்றின் முதுகில் ஏறி ஒரு கணம் குறுக்கே கிடந்தார். வெளியிலிருந்து யாரோ காலைப் பிடித்துத் தள்ளினார்கள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தார்.

மூச்சு வாங்கினார்.

“தம்பி,” என்றார். “எனக்கு என்ர மகன் கதவைத் திறந்து வைச்சிருந்தவன், நான் நடந்து வந்தன். உமக்கு ஒருத்தரும் திறக்கேல்லை. அதை நான் யோசிக்கேல்லை. அண்டைக்குச் சொன்னது பிழை.”

நேசன் தலையைக் குனிந்துகொண்டான். தலைப்பாகை மட்டும் ஆடியது.

“இன்னொண்டு,” என்றார் தம்பிராசா அண்ணை. “என்ர முழங்கால் மடங்குதில்லை. என்னை ஆர் இனி வெளியில எடுக்கிறது?”

நேசன் சிரித்துவிட்டான். தலைப்பாகையைக் கழற்றி என்னிடம் தந்தான். சீற்றைத் தாண்டினான், மணல் மூட்டையைத் தாண்டினான், வெளியே குதித்தான். பிறகு உள்ளே குனிந்து, மாமனாரின் இரண்டு அக்குளுக்குள்ளும் கை கொடுத்து, “மெல்ல மாமா, மெல்ல... தலை கவனம்” என்று இழுத்தெடுத்தான். வீடியோ லைற் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப் போவதுதான் வழக்கம். அன்று யார் யாரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள் என்று சரியாகச் சொல்ல முடியாது.

கூட்டமும் பின்னால் போய்விட்டது. காருக்குள் நான், என் கையில் தலைப்பாகை. தவழ்வதற்கு இரண்டு கையும் வேண்டும் அல்லவா? தலைப்பாகையைத் தலையில் வைத்துக்கொண்டு தவழ்ந்தேன். நான் இறங்கிய நேரம் பிந்தி வந்த ஓர் அன்ரி, மூச்சுப் பட்டு மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனிப்புகை படிந்த நிலையில், என் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லாயிருக்கவேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். நன்றி சொன்னேன். வேறென்ன செய்வது?

முகூர்த்தம் தப்பவில்லை. தாலி கட்டியாகிவிட்டது.

சாப்பாட்டு நேரம் வீடியோக்காரர் தம்பிராசா அண்ணையின் மேசைக்கு வந்தார். நான் அவருக்கு எதிரே இருந்தேன். “அங்கிள், காரால இறங்கின பகுதியை வெட்டிப்போட்டு, வாசலில இருந்து தொடங்கட்டே? ஊருக்குப் போற கசெற் எல்லே.”

அவர் அப்பளத்தைக் கீழே வைத்தார்.

“வெட்டாதை தம்பி. அதைத்தான் முதல் போடு. பின்கதவுக்குள்ள கிடந்த என்னைத் தூக்கி இறக்கினது தன்ர மகன்தான் எண்டு அந்தத் தாய் மனிசி அறியவேணும்.”