ஷேல்வாடி பந்தரில் வாசலுக்குக் குறுக்கே ஒரு துடுப்பு

போன பிப்ரவரியில், அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், ஒரு புதன்கிழமை, மும்பைக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஷேல்வாடி பந்தர் என்ற மீன்துறைக்குப் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மைமூன் லாத்தா கூப்பிட்டதால் போனேன். லாத்தா என் பெரியவாப்பா மகள். கல்யாணமாகித் தாராவிக்கு வந்த ஆறாம் மாதமே, கருவாடு வாங்கப் போன மச்சான் அந்தக் கரையிலேயே கடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து நாற்பது வருஷமாக லாத்தா அங்கேதான். மச்சான் மவுத்தாகி எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் கிடையாது.

எனக்குத் தாராவியில் பெல்ட் பட்டறை, வீடு வடாலாவில். பட்டறையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றி இந்த வலைப்பூவில் எழுத எனக்குக் கொள்ளை ஆசை. சாக்குதான் கிடைப்பதில்லை. இந்தத் தடவை கிடைத்த சாக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

“ஏ தம்பி, புதங்கிழம சர்வேக்காரன் மறுபடி வாரானாம். போன தடவ நம்ம வீட்ட ஆளில்லாத வீடுன்னு எழுதிட்டுப் போயிட்டான். நீ வந்து கூட நில்லு. எனக்குக் கோளிக்காரவுக பேச்சுதான் வரும். ஆபீஸ் பேச்சு உனக்குத்தான் வரும்” என்றாள் போனில்.

விஷயம் இதுதான். அந்தக் கரையில் துறைமுக வேலை நடக்கிறது, சாலைக்காக ஊரை எடுக்கிறார்கள். ஆள் குடியிருக்கும் வீடு என்று பதிவானால் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு வீடு தருவார்கள். பதிவாகாவிட்டால் ஒன்றும் இல்லை. முதல் கணக்கெடுப்பில் பதினோரு வீடுகளை ஆளில்லாதவை என்று எழுதிவிட்டார்கள். புதன்கிழமை மறுபரிசீலனை, அதுதான் கடைசி.

வடாலா ரோட்டில் காலை 7.22 ஹார்பர் லைன் வண்டி பிடித்தேன். டாக்யார்ட் ரோடு வரை ஐந்து ரூபாய். அங்கிருந்து பாவுச்சா தக்கா படகுத்துறைக்கு நடந்தால் பதினைந்து நிமிஷம். மீன் லாரிகளுக்கு நடுவே நடக்கவேண்டும், மூக்கு ரொம்ப நாசூக்கானவர்கள் டாக்சி வைத்துக்கொள்ளலாம். எதிர்க்கரையில் உள்ள மோராவுக்கு 8.30 லாஞ்ச் படகு, டிக்கெட் 80 ரூபாய், ஐம்பது நிமிஷப் பயணம். அன்றைக்கு வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல் நிறம். வலது பக்கம் உட்கார்ந்தால் கப்பல்கள் தெரியும் என்று எழுத நினைத்திருந்தேன். பனிமூட்டத்தில் எதுவுமே தெரியவில்லை.

மோராவில் ஆட்டோக்காரரிடம் ஷேல்வாடி பந்தர் என்றேன்.

“அது இன்னும் இருக்கா, சேட்?” என்று இந்தியில் கேட்டார்.

“இருக்குப்பா. என் அக்கா இருக்கா” என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில். பதினோரு கிலோமீட்டருக்கு 250 ரூபாய் கேட்டார், 220க்கு வந்தார். கடைசி இரண்டு கிலோமீட்டரில் சாலை இல்லை, மண் கொட்டிய மேடுதான். இடுப்பு எலும்பு இடம் மாறாமல் போய்ச் சேர்ந்தேன், மணி 10.15.

ஊர் என்றால் மூன்று வரிசை வீடுகள், ஒரு கோயில், ஒரு கல்பாலம் நீட்டிய படகுத்துறை. ஒரு காலத்தில் பின்னால் இருக்கும் உப்பளங்களிலிருந்து பாய்மரத்தில் உப்பு ஏறிய துறையாம். உப்பு நின்ற பிறகு மீன் மட்டும். ஊர்க்காரர்கள் எல்லாம் கோளிகள், மராத்தி மீனவர்கள். கருவாட்டுக்காக நம் பக்கத்து முஸ்லிம்கள் நாலைந்து பேர் வந்து தங்கியிருக்கிறார்கள். அவர்களில் முதல் ஆள் இறந்தபோது, புதைக்க இடமில்லை என்று தாராவிக்குத் தூக்கிப்போக ஏற்பாடு நடந்ததாம். ஊர்ப் பெரியவர்தான், நம்ம ஊர் ஆளை ஏன் வெளியே கொண்டுபோகிறீர்கள் என்று கருவேல மரத்தடியில் துண்டு நிலம் ஒதுக்கினாராம். அங்கே நாலு கபர் இருக்கிறது. நாலாவது மச்சானுடையது.

லாத்தா வீடு கிழக்கு வரிசையில் மூன்றாவது. வெளியே மூங்கில் கட்டி பொம்பில் மீனைக் கொடியில் துணி போடுவதுபோல் தொங்கவிட்டிருந்தாள். டீயும் பாவ் ரொட்டியும் கொடுத்தாள். எதிர் வரிசையில் ஒரு வீட்டு வாசலுக்குக் குறுக்கே, இடுப்பு உயரத்தில், பழைய துடுப்பு ஒன்று இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“அவுக தண்ணிக்குப் போயிருக்காகன்னு அர்த்தம். அவுக வீடு போன தடவயே பதிவாயிடுச்சு. பூட்டுல்லாம் இங்க யாருக்கும் கெடயாது. தண்ணிக்கோ துறைக்கோ போனா துடுப்பக் குறுக்க வச்சிட்டுப் போவோம். நாயும் நுழையாது, மனுசனும் நுழைய மாட்டான்.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முதல் தடவை சர்வே ஆட்கள் வந்தது கடல் ஏற்றத்தின்போது. துறையை மண் மூடிவிட்டதால் நல்ல ஏற்றம் இருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான் படகு உள்ளே வரமுடியும். அந்த நேரத்தில், வீட்டில் கிழவர்கள் இருந்தாலொழிய, ஊரே துறையில் நிற்கும். வந்தவர்கள் பார்த்தது ஆளில்லாத வீடுகளையும் குறுக்கே கிடந்த கட்டைகளையும்தான். அடைத்துப்போட்டுவிட்டுப் போன வீடுகள் என்று எழுதிவிட்டார்கள்.

அதனால் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு. ஆனால் கடலுக்குள் நட்டு வைத்த பை வலைகளை இரண்டு ஏற்றம் பார்க்காமல் விட்டால் மீன் அழுகி வலை கிழிந்துவிடும். எல்லோருடைய வலைக்கும் சேர்த்து இரண்டு படகுகள் மட்டும் முந்தின ராத்திரி ஏற்றத்திலேயே போயிருந்தன. மற்றவர்கள் வீட்டிலேயே, அடுப்பு எரிய, வாசலைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு ஊர் முழுக்க விருந்தாளிக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. பதினோரு மணிக்கு என்று சொன்னவர்கள் பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை.

“பதிவாகலேன்னா வடாலாவுக்கு வந்துரு, லாத்தா. நான் இருக்கேன்” என்றேன்.

“நீ இருக்க. அவுக இங்கல்லா அடங்கியிருக்காக. மூணு கிலோமீட்டருன்னா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கபருக்கு நடந்து வந்துருவேன். வடாலாவுலருந்து நடந்து வர முடியுமா?”

எழுந்து போய், சர்வே ஆட்கள் வருகிறார்களா என்று மண்மேட்டைப் பார்த்தேன்.

12.50க்குத் துறைப் பக்கம் கூச்சல் கேட்டது. திரும்பிய படகு ஒன்று வாய்க்கால் முகத்தில் சேற்றில் சிக்கிவிட்டது. தண்ணீர் இறங்குவதற்குள் இழுக்காவிட்டால் ராத்திரிவரை அங்கேயே சாய்ந்து கிடக்கும், ஊர் மீன் அத்தனையும் வீண். ஆம்பிளைகள் ஓடினார்கள். லாத்தா என்னைப் பார்த்து, “நீ வாசல்லயே இரு, நகராத” என்றாள். அவளும் உள்ளேதான் இருந்தாள்.

இந்தப் பத்தியை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். நான் நகர்ந்தேன். இடுப்பளவு சேற்றில் முப்பது பேர் ஒரு படகைத் தள்ளுகிறார்கள், வலைப்பூவுக்கு இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும்? ஐந்தே நிமிஷம், லாத்தா வீட்டில்தானே இருக்கிறாள் என்று துறைக்குப் போனேன். நான் வெளியே மீன் தொங்கும் மூங்கில் பக்கம் நிற்கிறேன் என்று லாத்தா நினைத்திருக்கிறாள். மீன் கூடை தூக்க ஆள் போதவில்லை என்று யாரோ பெண் கத்தியதும் கூடையை எடுத்துக்கொண்டு துறைக்கு ஓடிவந்துவிட்டாள். என்னைத் துறையில் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நான் மறக்கப்போவதில்லை.

இருவரும் திரும்பி ஓடினோம். மணி 1.20. சர்வே ஆள் பைக்கில் ஏறிக்கொண்டிருந்தான். முன்வாசலில் துடுப்பு குறுக்கே கிடந்தது. போகிற அவசரத்தில் அதை எடுத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், அது அவள் நினைவிலேயே இல்லை. நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகச் செய்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஆபீஸ் மராத்தி அத்தனையும் பேசினேன். அடுப்பு எரிகிறது பாருங்கள், டீப் பாத்திரம் சூடாக இருக்கிறது பாருங்கள் என்றேன். கெட்ட பையன் இல்லை. கேட்டு முடித்து, கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். கதவும் துடுப்பும் தெளிவாக விழுந்திருந்தன.

“போட்டோ மேலே ஆபீசுக்குப் போய்விட்டது, அங்கிள். இங்கிருந்து அழிக்க முடியாது. அப்பீல் போடுங்கள்” என்றான்.

பதினோரு வீடுகளில் பத்து பதிவாகிவிட்டன. படகும் மிதந்துவிட்டது. ஊர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. லாத்தா கபர் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு வந்து எனக்குச் சோறு போட்டாள். அப்பீல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூன்று மாதமாகப் பதில் இல்லை. அன்றைக்கு எடுத்த படம் போனில் இருக்கிறது, இங்கே போடவில்லை.

நான்கு மணிக்கு ஆட்டோ வரை வழியனுப்ப வந்தாள். வெளியே வந்ததும் துடுப்பை எடுத்துக் குறுக்கே வைக்கப் போனவள், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பிறகு வைத்தாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: மழைக்காலம் தொடங்குமுன் போய்விடுங்கள், பிறகு ஊர் இருக்குமா தெரியாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் அதிகம், கடல் வற்றும் நேரத்தில் சில லாஞ்சுகளை நிறுத்திவிடுவார்கள். முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக் கடை கிடையாது. போக வர, ஆட்டோ உட்பட, ஒரு ஆளுக்கு 650 ரூபாய் ஆகும். கருவாடு வேண்டுமென்றால் கிழக்கு வரிசை, மூன்றாவது வீடு. வாசலில் துடுப்பு குறுக்கே கிடந்தால் திரும்பிவிடாதீர்கள். அங்கே ஆள் இருக்கிறது.