கறுப்புப் பீருக்கு இருபது நிமிஷம்

அந்தச் சின்னப் பீர் ஆலையில் அவளை எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இளையவர்களுக்கு மூக்கக்கா. தொட்டியின் மூடியைத் திறக்காமலே பக்கத்தில் போய் நின்று, "இது நாளைக்குக் கெட்டுடும்" என்பாள், கெட்டுவிடும். பதினோரு வருஷமாகப் பார்லியைக் காய்ச்சி, ஆறவைத்து, புளிக்கவைத்து, ஆறு வகை கிராஃப்ட் பீர் செய்துவருகிறாள். அதில் கறுப்புப் பீர் அவளுடைய செல்லப்பிள்ளை. வறுத்த பார்லியின் அளவு பிடிபட இரண்டு வருஷம் ஆனது. முப்பத்தோரு தடவை காய்ச்சினாள். முப்பது தடவை சாக்கடையில் கொட்டினாள்.

தங்கச்சி வந்து சேர்ந்து நாலு மாசம்தான். இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவள், கடையை மூடிவிட்டார்கள் என்று ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். ஆலையின் முன்பக்கத்து பாரில் அவளைச் சேர்த்துவிட்டதே மூக்குதான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள். தங்கச்சி கிளாஸை வைக்கும்போதே, "இதுக்கு இந்தப் பாட்டு, கேட்டுப் பாருங்க" என்று போட்டுவிடுவாள். ஜனம் மொய்த்தது. காய்ச்சியவளை விட்டுவிட்டு ஊற்றியவளைப் பாராட்டியது.

"உங்க தங்கச்சிக்கு என்ன ரசனை மூக்கக்கா!" என்று பாட்டில் கழுவுகிறவன்கூட மெனக்கெட்டு வந்து சொன்னான்.

"ஆமாமா, அவ பாட்டு போட்டாத்தான் பார்லியே முளைக்குது."

அடுத்த இடி முதலாளியிடமிருந்து வந்தது. இனி ஒவ்வொரு பாட்டிலின் பின்னாலும் ஒரு வரி போடப்போகிறாராம், அந்தப் பீருக்கு எந்த இசை பொருந்தும் என்று. "அக்காவும் தங்கச்சியும் தனித்தனியா எழுதுங்க. வெள்ளிக்கிழமை காலையில குடிச்சுப் பார்த்து முடிவு பண்ணிடலாம்."

மற்ற ஐந்தும் யார் வரியோடு வேண்டுமானாலும் போகட்டும். கறுப்புப் பாட்டிலில் இன்னொருத்தியின் வரியா? பெற்றது இவள், பேர் வைப்பது அவளா? நினைத்தாலே வயிறு எரிந்தது.

வியாழக்கிழமை இரவு தங்கச்சிக்குப் பாரில் வேலை. மூக்கு வீட்டில் தனியாக, சமையலறை மேஜையில் ஆறு கிளாஸ், ஒரு ஸ்பீக்கர், ரொட்டித் துண்டு, நோட்டு, துப்ப ஒரு கிண்ணம் என்று கடை பரப்பினாள். ஃப்ரிட்ஜ் கதவில் தங்கச்சியின் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டியிருந்தது. ஒளித்துவைக்கக்கூடத் தோன்றாத திமிரைப் பார், என்று பல்லைக் கடித்தாள்.

பிறகு வேலையில் இறங்கினாள். இரண்டு விரல் அளவு ஊற்றினாள், பாட்டைப் போட்டாள், முகர்ந்தாள், ஒரு வாய் வைத்துச் சுழற்றினாள், துப்பினாள். காலை ஏழு மணிக்கு ஆறு தொட்டியை ருசி பார்க்கிறவள் விழுங்கினால் எட்டு மணிக்கு நிற்க முடியாது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நோட்டில் எழுதினாள்: 'வெளிர் பீர். டிரம்ஸ் அதிகம். கசப்பு அடங்கிவிட்டது. கோதுமை பீர். பெண் குரல். பரவாயில்லை. நுரை இரண்டு நிமிஷம்.' படித்துப் பார்த்தால் தொட்டிப் பதிவேடு மாதிரியே இருந்தது.

கறுப்புக்கு அவள் வைத்திருந்த கிடார் பாட்டு ஒட்டவில்லை. வேறு நாலு பாட்டு போட்டாள், ஒன்றும் ஒட்டவில்லை. கடைசியில் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள். 'கறுப்பு: செல்லோ மட்டும்.' பெரிய வயலின் போல, தரையில் ஊன்றி வாசிக்கிற வாத்தியம். ஆறு நிமிஷத் துண்டு ஒன்றின் பேரும் எழுதியிருந்தது. போட்டாள். ஒரே தந்தி முனகிக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்து, திறந்து, ஒரு வாய் வைத்து, துப்பினாள். ஒன்றுமில்லை! வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

அப்போது பார்த்து ஃபோன் அடித்தது.

"அக்கா, கறுப்புக்கு வந்துட்டியா?"

"வந்தேன். உன் செல்லோவையும் கேட்டேன். யாரோ மேஜையை இழுக்கிற மாதிரி இருக்கு."

"குடிச்சியா, துப்பினியா?"

"வேலைன்னா துப்பத்தான் செய்யணும்."

"அக்கா, உன் பீரை நீ ஒரு தடவையாவது முழு கிளாஸ் குடிச்சிருக்கியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"யாருடி அங்க சிரிக்கிறது?"

"ஐயோ, அது வேற யாரோ. கூட்டம் வந்துருச்சு, வெச்சுடறேன்."

யோசித்துப் பார்த்தாள். குடித்ததாக ஞாபகமில்லை. அந்தக் கடுப்பில் கிளாஸ் நிறைய ஊற்றி, செல்லோவைத் திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். தங்கச்சிக்கு எப்படி எப்படிப் பதில் சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் வாய் கிழியப் பேசியதில் கிளாஸை மறந்துபோனாள். நாலாவது சுற்றில்தான் எடுத்துக் குடித்தாள். விழுங்கினாள்.

வறுத்த வாசனை முதலில் விரிந்தது. அப்புறம் தீய்ந்த சர்க்கரையின் இனிப்பு. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது தொண்டையின் அடியிலிருந்து மெதுவாகக் கசப்பு ஏறி வந்தது. சரியாக அந்த நேரத்தில் செல்லோவின் அடித்தந்தி பேச ஆரம்பித்தது. மூக்குக்குப் புல்லரித்தது.

தான் பெற்ற பிள்ளையின் முதுகில் மச்சம் இருப்பதை அடுத்த வீட்டுக்காரி சொல்லித் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

ஆனால் மூக்குக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. முதல் வாயில் இல்லாதது இப்போது எங்கிருந்து வந்தது? கிளாஸைத் தொட்டுப் பார்த்தாள். குளிர் விட்டிருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். பாட்டில் வெளியே வந்து இருபது நிமிஷம்.

தங்கச்சிக்கு இது தெரிந்திருக்காது. அவளுக்குப் பேச்சு ஓயாது. பீர் கையிலேயே குளிர் விட்டிருக்கும். அவள் வரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முதலாளியோ ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து நின்றபடியே மடக்கென்று குடிக்கிற ஆள். அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. செல்லோ அங்கேயே செத்துவிடும். மூக்கு ஒன்றும் செய்யவேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

"தூங்கிட்டியா அக்கா?" என்று வேலை முடிந்து வந்த தங்கச்சி எட்டிப் பார்த்தபோதே, கண்ணை மூடிப் படுத்து அதற்கு ஒத்திகை பார்த்தாள்.

காலையில் ஐந்து பீர் முடிந்தது. முதலாளி ஃப்ரிட்ஜைத் திறந்து கறுப்புப் பாட்டிலை எடுத்தார். தங்கச்சி செல்லோவைப் போடக் காத்திருந்தாள். முதலாளியின் உதட்டையே மூக்கு பார்த்தாள். இப்போது குடிப்பார். 'என்னம்மா, சப்புன்னு இருக்கு' என்பார். செல்லோவையா சொல்வார்? பீரையல்லவா சொல்வார்! சாக்கடையில் கொட்டிய முப்பது தொட்டியும் கண்முன் வந்தது.

"வைங்க கீழ!" என்று கத்திவிட்டாள்.

பாட்டில் முதலாளியின் கையிலிருந்து நழுவப் பார்த்தது.

"இருபது நிமிஷம் வெளிய இருக்கட்டும். அப்புறம் குடிங்க."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"எனக்கு இது ரெண்டு வருஷ வேலை."

காத்திருந்தார்கள். செல்லோ முனகியது. முதலாளி குடித்தார், விழுங்கினார், இன்னொரு வாய் குடித்தார். "அடடா. சின்னவ வரிதான்."

தங்கச்சி பாட்டிலையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். "இருபது நிமிஷமா? எனக்குத் தெரியவே தெரியாதே அக்கா."

"எப்படித் தெரியும்? வாயை மூடினாத்தானே."

மூக்கு பென்சிலை எடுத்து தங்கச்சியின் வரிக்கு மேல் எழுதினாள்: 'வெளியே எடுத்து இருபது நிமிஷம் கழித்துக் குடிக்கவும்.'

"ஒரு வரிதாம்மா சொன்னேன்," என்றார் முதலாளி.

"அப்ப அவளோடதை எடுத்துடுங்க."

"ரெண்டும் வரட்டும் சார்," என்று தங்கச்சி சிரித்தாள்.

"வரட்டும்," என்றாள் மூக்கு. "என்னோடது மேல வரணும். எழுத்தும் கொஞ்சம் பெருசா."