பூச்சிமருந்து நெடி என்று நினைத்தோம்

காய்ச்சலும் இருமலும் கண்டவருக்குப் பேச்சுத் தடுமாறினால் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். சுவரில் ஒட்டியதையெல்லாம் வரி விடாமல் படிக்கும் ஓய்வூதியக்காரன் நான்.

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பிக்கு ஃப்ளூ காய்ச்சல் வந்து தணிந்திருந்தது. கொடிக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்த மாலை, தன் மனைவியையே யாரென்று கேட்டான்.

"மருந்து நெடி ஏறிருச்சு மாமா. குளிச்சுப் படுத்தா தெளிஞ்சிரும்" என்றாள் அவள்.

எங்கள் பக்கம் எல்லா மயக்கத்துக்கும் மருந்து நெடிதான் காரணம். நானும் தலையாட்டினேன். விடியும்போது தம்பிக்கு வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். வந்து தணிந்த காய்ச்சலைப் பற்றி டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். "அது நெஞ்சுச் சளி சார், மூளைக்கென்ன?" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

"அந்த வைரஸ் நெஞ்சோட நிக்காதுய்யா. சிலருக்கு மூளை வீங்கும், இதயமும் பாதிக்கும்."

இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அது விட்ட பிறகும் சில நாள் பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறேன். தடுமாறினால், காரணம் தேடாமல் வண்டியை எடுப்பேன்.

சிகிச்சை நடந்த நாளெல்லாம் தம்பியின் கட்டிலருகே நின்று, "நான் யாருடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "எங்க அண்ணந்தேன். எத்தன தடவ கேப்பீக?" என்று அவன் முதன்முதலாகப் பதில் சொன்னது ஆடிப் பதினெட்டு அன்று.